அத்தாவுக்காகச் சுருக்கிய பாட்டுகள்

இது நம்ம வயதுக்காரர்களுக்குத்தான் புரியும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் "இந்தப் பாட்டு எத்தனை எம்பி?" என்று கேட்டுப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பாட்டுக்கு எடை இருந்த காலம் அது. ஒரு பாட்டு நாலு எம்பி, கொஞ்சம் இழுத்துப் பாடியிருந்தால் ஐந்து. கையில் இருக்கிற பிளேயரிலோ மொத்த இடமே நூற்றிருபத்தெட்டு எம்பி. கல்யாண வேனில் மடியில் ஒருத்தர், இடுக்கில் ஒருத்தர் என்று ஆள் ஏற்றுகிற மாதிரி பாட்டுகளை நெருக்கி உட்கார வைக்க வேண்டும். நாற்பதைத் தொடப்போகிற நீங்களும் செய்திருப்பீர்கள். இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அப்படி நான் பாட்டுகளைச் சுருக்கிய ஒரு சாரல் காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தென்காசியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் அக்காவுக்கு நிக்காஹ் நடந்தது. அதில் எங்கள் அத்தா இல்லை. பெற்ற மகளின் நிக்காஹுக்குக்கூட நிற்காமல் சவூதிக்கு விமானம் ஏறிப்போன மனுஷர் என்று எங்கள் தெருவில் அவருக்கு ஒரு பேர் உண்டு. போன வருஷம் அத்தா மவுத்தான அன்றைக்கு, துக்கம் கேட்க வந்திருந்த பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "நல்ல மனுஷன்தான். ஆனா திமிரு கூட. சவூதிக் காத்து பட்டா அப்படித்தான்" என்றாள். எனக்குக் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டினேன். உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அத்தா சவூதியில் கிரேன் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைப் பிரித்தால் சோப்பு, தைலம், பால்பொடி எல்லாம் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்க அடிக்கும். அந்த வாசனை போக ஒரு வாரம் ஆகும், அது போவதற்குள் பெட்டியில் இருந்த பாதிச் சாமான் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போயிருக்கும். அந்தத் தடவை பெட்டியில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பிளேயர் இருந்தது. அமுக்கினால் நீல வெளிச்சம் வரும். ஒரே ஒரு ஒல்லிப் பேட்டரி. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஏளா, இதுல நம்ம பாட்டெல்லாம் ஏத்திக் குடுத்துருதியா? வெள்ளிக்கெழம லீவுல ரூம்ல சும்மா கெடக்கும்போது கேக்கணும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் எத்தனையோ பேர் இருக்க, என்னிடம் கேட்டார் பாருங்கள். கேட்டார் என்றால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி. அத்தாவுக்கு எப்போதும் சத்தமான பேச்சு. பக்கத்தில் நிற்கிற ஆளிடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி பேசுவார். தன் சின்ன வயதில் அவர் அப்படிப் பேசியதில்லை என்று அக்கா சொல்வாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். ஆயிரம் பாட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். பழைய சினிமாப் பாட்டு தனி, இஸ்லாமியப் பாட்டு தனி, சோகம் தனி, டூயட் தனி என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருப்பார். சுவரில் இரண்டு பெரிய ஸ்பீக்கர். நாற்காலியைச் சரியாக நடுவில் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது பிரிண்ட் எடுக்க வந்தால் எரிந்து விழுவார்.

"நூறு பாட்டா? இதுலயா?" என்று பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "முப்பது ஏறுனா பெரிசு மச்சான்."

"சின்னதாக்க முடியாதா மாப்ள?" என்றார் அத்தா.

"ஆக்கலாம். ஆனா கேக்க முடியாது. டப்பாக்குள்ள தலைய விட்டுப் பாடுத மாதிரி இருக்கும். நான் பாட்டக் கொல பண்ணமாட்டேன்."

அப்போதைக்கு முப்பது பாட்டை முழு எடையிலேயே ஏற்றிக் கொடுத்தார். எல்லாம் பழைய டூயட். அத்தா அங்கேயே இயர்போனை எடுத்து வலது காதில் ஒன்றை மட்டும் செருகிக்கொண்டார். இன்னொன்று சட்டை மேல் தொங்கியது. கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சுருங்கியது.

"மாப்ள! இதுல பாதிப் பாட்டு காணும்!"

சென்டரில் டைப் பண்ணிக்கொண்டிருந்த காலேஜ் பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன காணும் மச்சான்?"

"அந்தப் பொம்பள பாடுத வரி எங்க? புல்லாங்குழலு எங்க? கேசட்டுல இருந்துச்சே!"

மாமா இயர்போனை வாங்கித் தன் இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டார். "எல்லாம் இருக்கே!"

"எனக்கு வரலயே!"

பையன்களில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இன்னொருத்தன் பொத்தாமலே சிரித்தான். என் காது மடல் சூடாகிவிட்டது. இவர் ஏன் இப்படிக் கத்துகிறார், ஏன் ஒன்றும் தெரியாத ஆள் மாதிரி நிற்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது. நான் அத்தாவை விட்டுத் தள்ளி, வேறு யாரோடோ வந்தவள் மாதிரி சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நானே போய் உட்கார்ந்தேன். மாமா திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். சுருக்கும்போது கம்ப்யூட்டர் முதலில் மனுஷக் காதுக்குப் பெரிசாகத் தெரியாத சத்தத்தைத்தான் எடுத்தெறியுமாம். இன்னும் சுருக்கு, இன்னும் சுருக்கு என்றால் தெரிகிற சத்தத்திலும் கைவைத்துவிடுமாம். பாட்டின் தரத்துக்கு ஒரு எண் இருக்கும்; அதை நூற்றிருபத்தெட்டிலிருந்து அறுபத்துநாலு, அதிலிருந்து முப்பத்திரண்டு என்று எண்ணைக் குறைத்துக்கொண்டே வர, ஜால்ரா சத்தம் போய்விடும், வயலின் தகரத்தில் மணல் உரசுகிற மாதிரி ஆகிவிடும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருக்கும், ஸ்டீரியோவா மோனோவா என்று. ஸ்டீரியோ என்றால் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. மோனோ என்றால் இரண்டையும் கலந்து இரண்டு காதுக்கும் ஒரே பாட்டு, அதில் இன்னும் இடம் மிச்சம். நான் முப்பத்திரண்டும் மோனோவும் போட்டேன். நாலு எம்பி பாட்டு ஒரு எம்பி ஆனது. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து ஒவ்வொரு பாட்டாக முடியும். நடுவில் கரண்டு போனால் முதலிலிருந்து.

"கசாப்புக் கடைக்காரன்கூட இப்படி வெட்டமாட்டான் ஏட்டி" என்று மாமா காதைப் பொத்திக்கொள்வார்.

ஏற்றி முடித்து அத்தாவிடம் கொடுத்தேன். வலது காதில் செருகினார். இரண்டு வரி போனது. அத்தாவின் முகம் இருக்கிறதே, அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த லீவில் அவர் முகத்தில் நான் அப்போதுதான் பார்த்தேன். "இதாம்ட்டி பாட்டு! எல்லாம் முழுசா இருக்கு. பொம்பளையும் பாடுதா, ஆம்பளையும் பாடுதான். ஒங்க மாமாவுக்கு ஒண்ணும் தெரியல."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். நல்ல பாட்டைக் கொடுத்தால் பாதி காணும் என்கிறார், நாசமாய்ப் போன பாட்டைக் கொடுத்தால் முழுசா இருக்கு என்கிறார், மச்சானுக்கு ரசனையை ஆண்டவன் வைக்கவே இல்லை என்று வீட்டில் வந்து நடித்தே காட்டினார். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல், கேட்காத ஆளுக்கெல்லாம் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன். அத்தா குரலில் கத்திக் காட்டினேன். நன்றாக எடுபட்டது.

அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். வாசுதேவநல்லூர்க் குடும்பம். மாப்பிள்ளையும் வெளிநாட்டில்தான், துபாய். அத்தாவின் லீவுக்குள் மாப்பிள்ளை வந்துவிடுவார், உடனே நிக்காஹ் என்று பேச்சு. அத்தாவுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. "எம் மகள எங்கையால ஒப்புக்குடுத்துட்டுத்தான் போவேன்" என்று பால்காரரிடம்கூடச் சொல்வார்.

சாரல் நன்றாக விழுந்த ஒரு நாள் அத்தா என்னையும் அம்மாவையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். கல்யாணப்பெண் வெளியே வரக்கூடாது என்று அக்காவை விட்டுவிட்டோம். மேலகரம் தாண்டியதுமே பஸ்ஸுக்குள் குளிர்ந்த காற்று அடிக்கும், அத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி வெளியே தலையை நீட்டுவார். அவருக்குக் குற்றாலம் என்றால் உயிர். ஏன் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அருவிக்கரையில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. எல்லாரும் கத்துவார்கள், எல்லாரும் "ஆங்? என்ன?" என்று கேட்பார்கள், கையைக் காட்டிப் பேசுவார்கள். அங்கே அத்தாவை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குளித்துவிட்டு அம்மா துணி மாற்றப் போயிருந்தாள். நானும் அத்தாவும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துப் பாலச்சுவரில், மிளகாய் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தோம். நான் அவருக்கு இடது பக்கம். பிளேயரைப் போட்டு, வலதை அவர் மாட்டிக்கொண்டு, இடதை எனக்குக் கொடுத்தார். மாமா ஏற்றிய பழைய டூயட்களில் கொஞ்சத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தேன். அதில் ஒன்று ஓடியது. என் காதில் பெண் மட்டும் பாடினாள். ஆண் வருகிற இடத்தில் எனக்கு எறும்பு முனகுகிற மாதிரிதான் கேட்டது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்தப் பாட்டில் பெண் இடது பக்கம், ஆண் வலது பக்கம். அத்தா ஒரு பக்கம் மட்டும் மாட்டுகிறார், அதான் பாதி காணவில்லை! மாமாவுக்கே பிடிபடாததை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"அத்தா, ரெண்டு பக்கமும் மாட்டணும்த்தா. இந்தாங்க" என்று என்னுடையதை எடுத்து அவருடைய இடது காதில் செருகினேன். அவர் வலது காதில் இருந்ததைக் கழற்றி என் காதில் வைத்துக்கொண்டேன், இப்போது ஆண் குரல் எனக்கு வருகிறதா என்று பார்க்க. வந்தது. "இப்ப அந்தப் பொம்பள பாடுதாளா?" என்று கேட்டேன்.

"பாடுதா, பாடுதா. அருமையா பாடுதா" என்று தலையை ஆட்டினார்.

அந்த நேரம் பாட்டு நின்றுபோனது. கையிலிருந்த பிளேயரைப் பார்த்தேன், நீல வெளிச்சம் இல்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது. நிமிர்ந்து அத்தாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தாளம்கூடப் போட்டார், தொடையில், விரலால்.

"நல்லாருக்கு ஏளா. தெளிவா இருக்கு" என்றார்.

நான் என்ன செய்வேன் சொல்லுங்கள். பஜ்ஜியைத் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அடுப்படியில் போய், "அம்மா, அத்தாவுக்கு இடது காது..." என்று ஆரம்பித்தேன். அம்மா கறிவேப்பிலைக் கையோடு என் வாயைப் பொத்தினாள்.

"யாருட்டயும் மூச்சு விடப்படாது. அக்காட்டக்கூட. சொன்னன்னா சூடு போட்டுருவேன்."

பிறகு அவளே சொன்னாள். போன தடவை லீவில் வந்தபோதே அவளுக்குத் தெரியுமாம். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் அசையமாட்டாராம். வேலையிடத்தில் ஏதோ பக்கத்தில் வெடித்ததாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாராம், காது போனதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "கிரேன்ல மேல இருக்குதவுகளுக்குக் கீழ இருந்துதான விசில் அடிப்பான். ஒரு காது கேக்காதுன்னு தெரிஞ்சா மறுநாளே டிக்கெட்ட எடுத்து அனுப்பிருவான். ரூம்ல கூட இருக்கவன் பூரா இந்தப் பக்கத்து ஆளு. பண்பொழிக்காரன்கூட ஒருத்தன் இருக்கான். இங்கன தும்முனா அங்கன கேட்டுரும். மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா பரம்பரைச் செவிடான்னு கேப்பாவ. அக்காளுக்கு மட்டுமா? நாளைக்கு உனக்கும்தான்."

"உங்களுக்குத் தெரியும்னு அத்தாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா மனுஷன் கூசிப் போயிருவாவ."

அதைக் கேட்டு நானும் சரி என்று தலையாட்டினேன். கிரேனுக்குக் கீழே நின்று விசில் அடித்தவர்களை நாங்கள் யாருமே நினைக்கவில்லை. அவர்களுக்கும் வீடு இருந்திருக்கும். அம்மா நினைக்கவில்லை, அத்தா நினைத்தாரோ என்னவோ. ஆண்டவன் காப்பாற்றினான், ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக நாங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது.

மறுநாள் மாமாவின் சென்டரில் உட்கார்ந்து, மீதி இருந்த டூயட்களையும் மோனோ ஆக்கினேன். "ஏன்ட்டி, நல்லா இருக்கிறதையும் கெடுக்க?" என்றார் மாமா. "இடம் பத்தல" என்றேன். அத்தாவிடமும் அதையேதான் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இடம் பத்தலன்னா சின்னதாக்கித்தான ஆகணும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது. மாப்பிள்ளையின் அத்தா ஏதோ சோலியாகத் தென்காசி வந்தவர், எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதிருக்கிறார். தொழுது முடிந்து படியில் எங்கள் அத்தா செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து நின்று சலாம் சொல்லியிருக்கிறார். அத்தா பதில் சொல்லவில்லை. மறுபடியும் சொல்லியிருக்கிறார். அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களில் வேறு வீட்டுக்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்களில் சலாம் சொல்வது விருப்பம், பதில் சொல்வது கடமை. வெட்டுப்பழி குத்துப்பழி இருந்தாலும் சலாத்துக்கு வாய் திறந்தாக வேண்டும். படியில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலமே மாமாவுக்குப் போன் வந்துவிட்டது, "சலாத்துக்குப் பதில் சொல்லாத வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்று.

மாமா ஓடி வந்தார். "என்ன மச்சான் பண்ணிட்டு வந்திருக்கீங்க? அவுங்க மேல என்ன கோவம்?"

அத்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் கவனிக்கல மாப்ள."

"ஒட்டி நின்னு சொல்லியிருக்காவ! கவனிக்கலயாம்லா!"

அக்கா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளையின் போட்டோவை அவள் பார்த்துப் பார்த்து ஓரம் மடங்கியிருந்தது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அத்தா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டபோது வெடித்துவிட்டாள். "உங்க திமிருக்கு என் வாழ்க்கைதான் கெடச்சுதா? ஊர்ல எல்லாரும் சொல்லுததுதான் சரி. கூப்புட்டாத் திரும்பமாட்டீங்க, எதுக்க வந்தா பாக்கமாட்டீங்க. யாருத்தா நீங்க, ராசாவா?"

அவள் அத்தாவின் வலது பக்கம்தான் நின்று கத்தினாள் என்பதால் அவர் எல்லாவற்றையும் கேட்டார். தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அலைந்து திரிந்து அவர்களைப் பேச்சுக்குக் கூட்டிவந்தார். மாப்பிள்ளையின் அத்தாவும் கூட இரண்டு சொந்தக்காரர்களும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். வெளியே சாரல். முன்பக்கத் தகரத்தில் சடசடவென்று விழுந்துகொண்டே இருந்தது. ஆண்கள் கூடத்தில், நாங்கள் மூன்று பேரும் உள்ரூம் கதவுத் திரைக்குப் பின்னால்.

"எம்மேல என்ன வருத்தம்? அத மட்டும் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளையின் அத்தா.

"வருத்தம் ஒண்ணுமில்ல. கவனிக்கல."

"ஒரு கை தூரத்துல நின்னு ரெண்டு தரம் சொன்னேன். கவனிக்கலன்னா, நான் பொய்யா சொல்லுதேன்?"

தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். ஒரு வார்த்தைதான், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அத்தா தொண்டையைச் செருமினார்.

"கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் போனேன். அன்னைக்கு என்னவோ மனசு சரியில்ல. திமிருன்னே வச்சுக்கிடுங்க. தப்பு எம்மேலதான். அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

அக்கா என் பக்கத்தில் பல்லைக் கடித்தாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. செய்யாத திமிரை ஒரு மனுஷர் நாலு பேர் முன்னால் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார், பெற்ற மகள் அதை நம்புகிறாள்.

ஆனால் மாப்பிள்ளையின் அத்தா நல்லவர். உடனே எழுந்து வந்து அத்தாவைக் கட்டிக்கொண்டார். அவருக்கே கண் கலங்கிவிட்டது. அப்புறம் அத்தாவின் தோளில் கைபோட்டு, மற்றவர்களை விட்டுத் தள்ளி, எங்கள் திரை வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார். நாலு பேர் முன்னால் கேட்டு அத்தாவைச் சங்கடப்படுத்தக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். அத்தாவின் இடது காதருகே குனிந்து மெல்லப் பேசினார். கூடத்தில் மாமா டீ கொடுத்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கு அந்தப் பெரியவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பையனுக்கு இப்ப லீவு கிடைக்கல. பெருநாள் கழிச்சுத்தான் தாராங்களாம். அதுக்குள்ள நீங்க போயிருவீங்க. உங்க மச்சினனை உங்களுக்குப் பதிலா வக்கீலா நிறுத்தி நிக்காஹ்வ முடிச்சிரலாமா? பெத்தவங்க நீங்க. உங்களுக்கு மனசு இல்லன்னா நாங்க உங்க அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்கோம். நீங்க சொல்லுததுதான்."

அத்தா சிரித்த முகத்தோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாராளமா! ரொம்ப சந்தோஷம்!"

நான் திரையைப் பிடித்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் வளையல் என் கையில் அழுந்தி வலித்தது. கூடத்தில் அந்தப் பெரியவர், "சம்பந்தி வாக்குக் குடுத்துட்டாவ. அல்ஹம்துலில்லாஹ்" என்று அறிவித்தார். எல்லாரும் எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். துஆ ஓதினார்கள். அத்தா அவர்களுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பினார். மாமாவும் அவர்களோடு பஸ் ஏற்றிவிடப் போனார்.

அக்கா கட்டிலில் குப்புற விழுந்து அழுதாள். "ஒரு நிமிஷம் யோசிக்கலியேம்மா. பெத்த மக நிக்காஹ்ல நான் இருக்க வேண்டாமான்னு ஒரு வார்த்த கேக்கலியே. தாராளமான்னுட்டாவளே."

அதற்குள் அத்தா வந்துவிட்டார். சட்டையெல்லாம் நனைந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, எப்போதும் போலத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது! தங்கமான மனுஷன்! ஏளா, அக்காளக் கூப்புடு, அழ வேண்டாம்னு சொல்லு. தேதிய மட்டும் சீக்கிரம் குறிக்கச் சொல்லணும். நான் போறதுக்குள்ள நிக்காஹ் முடிஞ்சிரணும். எம் மகள எங்கையால ஒப்புக்குடுத்துட்டுத்தான் விமானம் ஏறுவேன்!"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். அத்தாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தாவுக்கு இடது பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தாள். மெல்ல, சாதாரணமாக, அந்தப் பெரியவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அத்தா அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து வந்த இடத்தைப் பார்த்தார், இப்போது அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"சின்னவளுக்கும் தெரியுமா?"

அத்தா அவ்வளவு தணிந்த குரலில் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை. அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் துண்டை விரித்துத் தலையோடு போட்டுக்கொண்டார், இரண்டு காதையும் மூடுகிற மாதிரி.

அக்கா வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அத்தா, எனக்கு ஒரு அவசரமும் இல்ல. உங்க அடுத்த லீவுக்கு வச்சிக்கிடலாம். காதுல விழலன்னு மாமாவ விட்டுச் சொல்லச் சொல்லுவோம். அவ்வளவுதான. அவங்க நல்லவங்க, ஒத்துக்கிடுவாங்க."

"வேண்டாம்மா."

"ஏன்த்தா? நீங்க இல்லாம எப்படித்தா?"

"திமிருன்னா மன்னிச்சிட்டாங்கல்லா" என்றார் அத்தா. "குடுத்த வாக்க மாத்தணும்னா காது விஷயத்தச் சொல்லணும். செவிடன்னா பாவப்படுவாங்க. திமிர் புடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன்."

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அத்தா எழுந்து தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மழைக்குப் பயந்து தெருவில் ஆளே இல்லை. அவர் இடது பக்கம் திரும்பித் திரும்பி, ஒவ்வொரு வாசலுக்கும் சத்தமாகச் சலாம் சொல்லிக்கொண்டே போனார். மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் சொன்னார்.